வேலையும் கூரையும் ஒரே கையில்

ஒரகடம் கூட்டு ரோட்டில் மாலை ஷிப்ட் மாறும் நேரத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும், இந்தத் தொழிற்பகுதி எப்படி இயங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் இங்கேதான் குறுக்கே வெட்டுகின்றன. வல்லம் வடகால் பக்கமிருந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வருகின்றன. ஜன்னலோரத்தில் தலை சாய்த்துத் தூங்கும் பெண்பிள்ளைகள், கழுத்தில் அடையாள அட்டை. திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். அதே நேரத்தில் குட்டி யானை வண்டியின் பின்பக்கத்தில் இருபது பேர் நெருக்கியடித்து நின்றபடி போகிறார்கள். அவர்கள் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள். கம்பெனிக்குள் போகாத, கம்பெனியைக் கட்டுகிற கூட்டம். மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. அது கூட்டு ரோட்டுக்கே வராது. விறகு வெட்டும் தோப்பிலும் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் குடும்பத்தோடு அடைந்து கிடக்கும் இருளர்கள்.

மூன்று கூட்டத்துக்கும் சட்டம் வேறு, இலாகா வேறு, பேசும் ஆட்களும் வேறு. செல்போன் தொழிற்சாலையைப் பற்றிப் பேசுகிறவர் சூளையைப் பற்றிப் பேசுவதில்லை. கொத்தடிமை மீட்பில் இருப்பவர் விடுதிப் பக்கம் வருவதில்லை. நான் இந்த மூன்றையும் சேர்த்தே பார்க்க விரும்புகிறேன். காரணம், அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருந்தாலும் மூன்றின் அடியிலும் ஒரே ஏற்பாடுதான் இருக்கிறது: வேலை, தங்குமிடம், சாப்பாடு, வண்டி, கடன் எல்லாம் ஒரே கையில்.

வல்லம் வடகாலிலிருந்தே தொடங்கலாம். 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இங்கே சிப்காட் கட்டிய தொழிலாளர் குடியிருப்பைத் திறந்துவைத்தார். 20 ஏக்கர், 706.50 கோடி ரூபாய், 13 கட்டடங்கள், 18,720 பெண்கள் தங்க இடம். பாக்ஸ்கான் நிறுவனத்தின் தலைவர் யங் லியுவும் வந்திருந்தார். அவருடைய நிறுவனத்தின் பெண் தொழிலாளர்களுக்காகத்தான் அந்த இடம். ஒரு மாநில அரசின் நிறுவனம் ஆலைத் தொழிலாளர்களுக்காக இவ்வளவு பெரிய குடியிருப்பைக் கட்டுவது சின்ன விஷயம் இல்லை. இதைப் பாராட்டாமல் மேலே போவது நேர்மையாகாது. ஆனால் அது ஏன் கட்டப்பட்டது என்ற கதை 2021 டிசம்பரில் இருக்கிறது.

அந்த மாதம் பூந்தமல்லி அருகே ஒரு தனியார் விடுதியில் தங்கியிருந்த, சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலைப் பெண்களுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போனது. 250க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை, 159 பேர் மருத்துவமனையில். சேர்க்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. ராத்திரியோடு ராத்திரியாகப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் இறக்கவில்லை. ஆனாலும், தோழி உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள ஒரு பெண் தேசிய நெடுஞ்சாலையை மறிக்க வேண்டியிருந்தது. சங்கம் இல்லை, புகார் சொல்ல ஆள் இல்லை, வார்டனும் கான்ட்ராக்டரின் ஆள். ஒரே அறையில் ஆறு முதல் முப்பது பேர் வரை படுத்திருந்ததும், சில இடங்களில் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாததும் அதன் பிறகுதான் வெளியே வந்தன. தன் செல்போன்களைத் தயாரித்த அந்த ஆலையை ஆப்பிள் நிறுவனம் கண்காணிப்பின் கீழ் வைத்தது. ஏறக்குறைய 17,000 பேர் வேலை பார்த்த ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் மறுபடியும் திறந்தது.

அங்கே நடந்தது கொத்தடிமைத்தனம் என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பெண்கள் ராஜினாமா செய்யலாம், ஊருக்குப் போகலாம், பலர் போகவும் செய்தார்கள். வார்த்தையை அளந்து பயன்படுத்தாவிட்டால், நிஜமாகவே கட்டுண்டு கிடப்பவனின் நிலை நீர்த்துப்போகும். ஆனால் எது கட்டாய உழைப்பு, எது வெறும் மோசமான வேலை என்ற கோடு எங்கே விழுகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1930லேயே ஓர் இலக்கணம் சொல்லிவிட்டது: தண்டனை வரும் என்ற மிரட்டலின் பேரில், ஒருவர் தாமாக முன்வந்து ஒப்புக்கொள்ளாமல் செய்யும் வேலை. இந்தியா அந்த உடன்படிக்கையை 1954ல் ஏற்றது. நமது அரசமைப்பின் 23ஆம் பிரிவு மனித வியாபாரத்தையும் வெட்டி வேலையையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. இதற்கு மிக விரிந்த பொருளைத் தந்தது 1982ன் ஏசியாட் தீர்ப்பு. தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் நீதிபதி பகவதி அமர்வு, சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்தால் அதுவே கட்டாய உழைப்பு என்றது. கையில் சாட்டை வைத்திருப்பவன் மட்டும் கட்டாயப்படுத்துவதில்லை, பசியும் வறுமையும் வேறு வழியில்லாமையும் கட்டாயப்படுத்துகின்றன என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நாற்பது வருஷத்துக்கும் மேலாகிறது. அந்த வாசகத்தை இந்தத் தொழிற்பகுதியின் ஒவ்வொரு தகரக் கொட்டகையிலும் வைத்துப் பார்த்தால் எத்தனை கான்ட்ராக்டர்கள் தப்புவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி, ஒரகடம் இருக்கும் இதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் இன்னொரு முகம். 2019 ஜூலையில் கோனேரிக்குப்பத்திலும் அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த நெமிலி வட்டத்திலும் விறகு வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். 13 குடும்பங்கள். குழந்தைகளும் அதில் உண்டு. மீட்க வந்த தாசில்தாரின் காலில் ஒரு முதியவர் விழுந்து கும்பிடும் படம் அன்று நாடு முழுவதும் போனது. அவர் வாங்கியிருந்த கடன் ஆயிரம் ரூபாய் என்று செய்திகள் சொல்லின. அந்த ஆயிரத்தைக் கழிக்க வருஷக்கணக்கில் மரம் வெட்டியிருக்கிறார். படத்தைப் பார்த்தவர்கள் பலரும் அவருடைய கூப்பிய கையைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு அந்தக் கணக்குதான் உறுத்தியது. ஒரு மனிதனின் உழைப்பை எந்த விகிதத்தில் கழித்தால் ஆயிரம் ரூபாய் தீராமல் இருக்கும்? அந்தக் கணக்கை எழுதியவன் யார், அந்த நோட்டு யாரிடம் இருந்தது?

கணக்கு நோட்டு நமக்குப் புதிதல்ல. தமிழனின் கடல் கடந்த சரித்திரமே அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1860ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் நேட்டாலுக்குப் போனது. அதற்கு முன்பே மொரீஷியஸ், இலங்கை. இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்தவன் கங்காணி. வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி எல்லாம் அவன் கணக்கில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும். இந்த ஆட்கள் இவ்வளவு பாக்கி, அதைக் கட்டுகிறவர் அழைத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கடனோடு சேர்த்து ஆளும் கைமாறுவான். துண்டு முறை 1921ல்தான் ஒழிந்தது. ஆனால் துண்டு ஒழிந்த பிறகும் லயம் ஒழியவில்லை. தோட்டத்தின் நிலத்தில் தோட்டத்துக்குச் சொந்தமான வரிசை வீடு, வேலைக்குப் போனால் கூரை, போகாவிட்டால் தெரு. காணி உரிமைக்காகவும் வீட்டு உரிமைக்காகவும் மலையக மக்கள் இன்றைக்கும் போராடிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், கடனைவிடக் கூரைதான் நீண்ட சங்கிலி என்று அர்த்தம்.

இந்த நினைவு நம்மிடம் இருக்கிறது. நேட்டாலில் முதலாளியிடம் அடிபட்டு, பல் உடைந்து, இரத்தம் வழியத் தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியின் அலுவலகத்துக்கு வந்து நின்ற பாலசுந்தரம் நம் ஊர்க்காரர். அந்த நினைவு உள்ள ஒரு சமூகம், தன் ஊருக்குப் பிழைக்க வந்தவனை ‘வடக்கன்’ என்று ஒற்றைச் சொல்லால் தள்ளுவதைக் கேட்கும்போது எனக்கு வலிக்கிறது. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. அரசும் காவல்துறையும் விரைந்து மறுத்தன, பரப்பியவர்கள் மீது வழக்குப் பாய்ந்தது. செய்தி பொய்தான். ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். விசாரிக்க ஒரு தெரிந்த முகம்கூட இங்கே இல்லாமல் வாழ்கிறவர்களிடம்தான் அப்படிப்பட்ட பொய் அவ்வளவு சீக்கிரம் எடுபடும்.

இந்தத் தொழிற்பகுதியின் மாத்தூர் பக்கத்தில் ஒரு வாடகை அறையில், ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து வந்த ஓர் இளைஞனிடம் அப்படி ஒரு கணக்கு நோட்டைப் பார்த்தேன். பள்ளிப்பிள்ளைகள் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டு. பத்துக்குப் பத்து அறை, சுவரில் ஆணியடித்துக் கட்டிய நைலான் கயிற்றில் எட்டுப் பேரின் சட்டைகள். பாய்கள் நான்குதான். பகல் ஷிப்ட் ஆட்கள் எழுந்ததும் ராத்திரி ஷிப்ட் ஆட்கள் அதே பாயில் படுப்பார்கள். நோட்டில் இடது பக்கம் தேதியும் வேலை செய்த மணியும், வலது பக்கம் பிடித்தம்: ரயில் டிக்கெட், ரூம், மெஸ், ஷூ, யூனிபார்ம், ‘ஆபீஸ்’ என்று ஒரு தொகை. அந்த ஆபீஸ் என்னவென்று கேட்டேன். வேலை வாங்கிக் கொடுத்ததற்கு, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக என்றான். ஓவர்டைம் பார்த்த மணிகளுக்கு எதிரே கூலி எதுவும் எழுதியிருக்கவில்லை. கான்ட்ராக்டரிடம் வேறொரு நோட்டு இருக்கிறது, செல்லுபடியாவது அதுதான். ஆதார் அட்டையை ‘பிஎஃப் வேலைக்கு’ என்று வாங்கிப் போய் இரண்டு மாதம் ஆகிவிட்டதாம். ஒரு வருஷத்தில் பழகிய தமிழில் சொன்னான்: “கணக்கு முடிச்சாதான் ஊருக்கு, அண்ணா.”

இந்த ஒரு வாக்கியத்துக்குள் 1976ன் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்தச் சட்டம் கொத்தடிமையை எப்படி வரையறுக்கிறது என்பது படித்த அதிகாரிகளுக்கே பல சமயம் மறந்துபோகிறது. பூட்டு, சங்கிலி, அடியாள் எதுவும் அதில் தேவையில்லை. முன்பணம் வாங்கியதற்காக ஒருவர் கூலியில்லாமல் அல்லது சொற்பக் கூலிக்கு உழைக்க நேர்ந்தாலோ, வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழந்தாலோ, விரும்பிய இடத்துக்குப் போய்வர முடியாமல் ஆனாலோ அது கொத்தடிமை முறை. கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் கொடுத்தவனுடையது. பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், கட்டாய உழைப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்தால் அதன் பின்னே முன்பணம் இருப்பதாகவே அரசு கொள்ள வேண்டும் என்றது. அதையும் மீறி, “பூட்டி வைக்கலையே சார், கடைக்குப் போய்ட்டு வராங்களே” என்ற பதிலோடு கோப்பு மூடப்படுவது இன்றைக்கும் நடக்கிறது.

அந்தச் சட்டத்தில் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும் பிரிவு எட்டாவது. மீட்கப்பட்ட கொத்தடிமையை, அவர் குடியிருந்த வீட்டிலிருந்தோ மனையிலிருந்தோ வெளியேற்றக் கூடாது என்கிறது அது. முதலாளியின் இடமாக இருந்தாலும் சரி. 1976ல் இதை எழுதியவர்களுக்கு லயம் என்றால் என்னவென்று புரிந்திருக்கிறது. கடனை ரத்து செய்துவிட்டுக் கூரையைப் பிடுங்கினால் அவன் மறுநாளே அதே முதலாளியிடம் திரும்புவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் நடைமுறையில் மீட்பு என்றால் வண்டியில் ஏற்றிச் சொந்த ஊரில் இறக்கிவிடுவது என்றே ஆகிவிட்டது. சொந்த ஊரில் பட்டா இல்லை, சாதிச் சான்றிதழ் இல்லை, ரேஷன் அட்டை இல்லை. இருளர் குடும்பங்கள் சில ஒரு சூளையிலிருந்து மீட்கப்பட்டு இன்னொரு சூளையில் மறுபடி காணப்படுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

மறுவாழ்வுப் பணத்தின் கதை இதைவிடச் சிக்கல். 2016ன் மத்தியத் திட்டப்படி வயதுவந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முழுத் தொகையும் முதலாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு கட்டப்பட்டிருக்கிறது. உடனடி உதவி முதலில் 20,000 ரூபாயாக இருந்து, 2022ல் 30,000 வரை என்று உயர்ந்தது. வழக்கு முடிய வருஷங்கள் ஆகும், சாட்சி சொல்ல வேண்டியவர் அதற்குள் இன்னொரு மாநிலத்தில் இருப்பார். சட்டத்தில் தண்டனையே அதிகபட்சம் மூன்று வருஷமும் 2,000 ரூபாய் அபராதமும்தான். 1976ன் இரண்டாயிரத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறோம். பாதிக்கப்பட்டவரின் மறுவாழ்வை, அரசு வழக்கறிஞரின் வெற்றியோடு ஏன் முடிச்சுப் போட வேண்டும்? இது எனக்கு எந்த விதத்திலும் நியாயமாகப் படவில்லை. விடுவிப்புச் சான்றிதழ் கொடுத்த அன்றே தொகை முழுவதும் சேர வேண்டும்.

வெளிமாநிலத் தொழிலாளிக்கு என்று தனியாக ஒரு சட்டம் 1979ல் வந்தது. அதன் பின்னணி ஒடிசா. அங்கே ‘தாதன்’ என்று முன்பணம் கொடுத்து ஏஜென்ட்கள் ஆள் திரட்டிப்போகும் கொடுமையிலிருந்துதான் அந்தச் சட்டம் பிறந்தது. அதில் ஓர் அருமையான விதி இருந்தது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் கான்ட்ராக்டர் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் தர வேண்டும். வேலை எங்கே, எத்தனை காலம், கூலி எவ்வளவு, ஊர் திரும்பும் பயணப்படி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பதெல்லாம் அவர் படிக்கும் மொழியிலும் எழுதியிருக்க வேண்டும். நோட்டு தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் அவ்வளவு துல்லியமாகச் சொன்னது. பல வருஷமாக இந்தப் பக்கம் வந்துபோகிறேன், அப்படி ஒரு பாஸ்புக்கை நான் கண்ணால் கண்டதில்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1979ன் சட்டமும் 1970ன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் பணிப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டன. ஒரு நல்லது நடந்திருக்கிறது. முன்பு கான்ட்ராக்டர் மூலம் வந்தவர் மட்டுமே புலம்பெயர்ந்த தொழிலாளி. இப்போது தானாக ரயிலேறி வந்து இங்கே வேலை தேடிக்கொண்டவரும் அந்தக் கணக்கில் வருவார், சம்பளம் மாதம் 18,000 ரூபாய்க்குள் இருந்தால். இழப்பு இன்னொரு பக்கம். முன்பு ஐந்து பேர் இருந்தாலே பாய்ந்த சட்டம் இனி பத்துப் பேர் இருந்தால்தான். கான்ட்ராக்டர் லைசென்ஸ் வாங்க வேண்டிய அளவு 20லிருந்து 50 ஆகிவிட்டது. 49 பேரை வைத்துக்கொண்டு நான்கு பெயரில் நான்கு நிறுவனம் நடத்தும் வித்தை இந்தத் தொழிற்பகுதிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரை விட்டு வந்ததற்காகச் சம்பளத்தில் பாதியை ஒருமுறை தர வேண்டும் என்றிருந்த இடப்பெயர்வுப் படியும் போய்விட்டது.

கான்ட்ராக்டர்தான் இந்தக் கதையின் மையம். பெரிய கம்பெனியின் கேட்டுக்கு உள்ளே உலகத் தரம் இருக்கும். தணிக்கைக்கு ஆள் வருவார்கள், சுவரில் விதிகள் ஒட்டியிருக்கும். பொருள் வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் பல, வேலைக்கு ஆள் எடுக்கத் தொழிலாளியிடம் ஒரு பைசாகூடக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சப்ளையர்களிடம் எழுதி வாங்குகின்றன. ஆனால் மாத்தூர் அறையின் ‘ஆபீஸ்’ தொகை எந்தத் தணிக்கையிலும் வராது. கம்பெனி கான்ட்ராக்டரைக் காட்டும், கான்ட்ராக்டர் சப்-கான்ட்ராக்டரை, அவர் மேஸ்திரியை, மேஸ்திரி ஒடிசாவில் இருக்கும் தன் மச்சானை. கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் மூல முதலாளி தர வேண்டும் என்று 1970ன் சட்டத்திலேயே இருந்தது. அந்தப் பொறுப்பை யாரும் நினைவூட்டாததால் சங்கிலி அறுபடாமல் நீண்டுகொண்டே போகிறது. 2020 டிசம்பரில் கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் நரசாபுராவில் விஸ்ட்ரான் ஆலையைத் தொழிலாளர்கள் அடித்து நொறுக்கினார்கள். அதன் அடியிலும் இருந்தது, கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்குச் சொன்ன சம்பளம் வராத கோபம்.

வெளியே எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பதில் பயன் உண்டு. 2024 டிசம்பரில் பிரேசிலின் பாஹியா மாநிலத்தில், பிஒய்டி கார் தொழிற்சாலைக் கட்டுமானத்தில் 163 சீனத் தொழிலாளர்களை அந்நாட்டு அதிகாரிகள் அடிமை நிலையிலிருந்து மீட்டதாக அறிவித்தார்கள். பாஸ்போர்ட் பறிக்கப்பட்டிருந்தது, மெத்தையில்லாத கட்டில், ஒரு கழிப்பறைக்கு 31 பேர். கான்ட்ராக்டரின் ஆட்கள்தான். ஆனால் கம்பெனியின் பெயர்தான் உலகம் முழுவதும் போனது, வேலை நின்றது. பிரேசில் குற்றவியல் சட்டத்தில் இழிவான தங்குமிடமும் உடலை முறிக்கும் வேலை நேரமுமே அடிமைத்தனத்தின் அடையாளங்கள், கடனை நிரூபித்தாக வேண்டும் என்பதில்லை. 1995லிருந்து அங்கே தொழிலாளர் ஆய்வாளர், அரசு வழக்கறிஞர், போலீஸ் மூவரும் சேர்ந்த நடமாடும் ஆய்வுக்குழு முன்னறிவிப்பின்றிப் போகிறது. நம் புதிய தொகுப்பில் ஆய்வாளரின் பெயரே ‘ஆய்வாளர் மற்றும் வசதியளிப்பவர்’ என்று மாறிவிட்டது. ஒரகடமும் ஒரு கார் ஊர்தான். அங்கே நடந்த சோதனை இங்கே ஒருநாள் நடந்தால் என்னென்ன கிடைக்கும் என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வருகிறது.

பக்கத்து வீட்டிலும் பாடம் இருக்கிறது. கேரள அரசு 2019ல் பாலக்காடு கஞ்சிக்கோட்டில் ‘அப்னா கர்’ என்று வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு விடுதி கட்டியது. நம் மாநிலத்துத் திண்டுக்கல்லில் நடந்தது அதைவிட முக்கியம். 2021 ஜனவரியில் ஓர் ஆயத்த ஆடை ஆலையின் இளம் தலித் பெண் தொழிலாளி ஒருவர், மேற்பார்வையாளர் கையால் கொல்லப்பட்டார். தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற, பெண்களே நடத்தும் தலித் தலைமையிலான சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸோடும், தொடர்ந்து எச்&எம் போன்ற நிறுவனங்களோடும் ஒப்பந்தம் கண்டது. ஒவ்வொரு லைனிலும் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள், புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை, மீறினால் ஆர்டர் பாதிக்கப்படும். அதே வருஷம் ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலைச் சரக்குக்குத் தடை போட்டு, ஒப்பந்தம் நடைமுறையாவதைப் பார்த்துச் செப்டம்பரில் நீக்கியது. தணிக்கைக் காகிதத்தால் ஆகாதது, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தாலும் உள்ளே இருக்கும் ஒரு தோழியின் வாயாலும் ஆனது.

சங்கம் என்று வரும்போது சுங்குவார்சத்திரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிஐடியு சார்ந்த அவர்களுடைய சங்கம் 2025 ஜனவரி 27ல் பதிவானது. நிரந்தரத் தொழிலாளிக்கே, அதுவும் உள்ளூர்க்காரருக்கே, ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்றால், மாத்தூர் அறையின் எட்டுப் பேர் எங்கே போய் நிற்பார்கள்? தமிழ்நாட்டில் 1981லிருந்து ஒரு சட்டம் உண்டு. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரம் ஆக வேண்டும். அந்த 480ஐத் தொடவிடாமல் ஆளை மாற்றிக்கொண்டே இருப்பதும், ‘டிரெய்னி’ என்று பெயர் வைத்துத் தொழிலாளி என்ற சொல்லிலிருந்தே விலக்கிவைப்பதும் இங்கே ஆட்களை நிர்வகிக்கும் முறையாகவே ஆகிவிட்டன.

கட்டுமானத் தொழிலாளிக்குக் கொஞ்சம் முன்னமே தமிழ்நாடு வழி காட்டியது. 1982ன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1994ல் வந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும் 1996ன் மத்தியச் சட்டத்துக்கு மூத்தவை. ஆனால் வாரிய அட்டை வாங்காமலே சாகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். 2014 ஜூன் 28ல் மௌலிவாக்கத்தில் சரிந்த பதினோரு மாடிக் கட்டடத்தில் 61 பேர் போனார்கள். ஆந்திரம், ஒடிசா ஆட்கள் அதில் அதிகம். 2025 செப்டம்பர் 30ல் எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் அசாம்காரர்கள். உடல்களை ஊருக்கு அனுப்பும் பொறுப்பை அரசு அன்று ஏற்றது. உயிரோடு ஊருக்குப் போகும் ரயில் செலவு யாருடையது என்பதில்தான் இன்னும் தெளிவில்லை.

மறுபடியும் வல்லம் வடகால் குடியிருப்புக்கு வருகிறேன். பூந்தமல்லி விடுதிக்கும் இதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது. தண்ணீர் வருகிறது, கட்டில் இருக்கிறது, கட்டடம் அரசுடையது. ஆனால் அடிப்படை மாறிவிட்டதா என்று கேட்டாக வேண்டும். 18,720 இடமும் ஒரு நிறுவனத்தின் தொழிலாளர்களுக்கு. வேலை போனால் கட்டிலும் போகும். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் நிறுவனம், திருமணமான பெண்களை அசெம்பிளி வேலைக்கு எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்று பாக்ஸ்கான் பற்றிச் செய்தி வெளியிட்டது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அண்மையில் எடுத்தவர்களில் 25 சதவீதம் திருமணமானவர்கள் என்று நிறுவனம் விளக்கம் தந்தது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. தனிப்பெண் படுக்கும் கட்டிலை மட்டுமே கட்டினால், ஒரு வீட்டில் கணவனோடும் பிள்ளையோடும் இருக்க விரும்புகிற பெண்ணுக்கு இந்தத் தொழிற்பகுதியில் இடம் எங்கே என்பது மட்டும் என் கேள்வி.

நான் இந்தக் கட்டுரையில் கேட்பது ஒன்றுதான், அதைப் பல விதமாகச் சொல்லியிருக்கிறேன். வேலை, தங்குமிடம், சாப்பாடு, வண்டி, கடன் ஐந்தும் ஒரே கையில் இருக்கிறதே, அதைப் பிரிக்க வேண்டும். விடுதி எந்தக் கம்பெனிக்காரருக்கும் பொதுவாக, சிப்காட்டோ உள்ளாட்சியோ நடத்துவதாக இருக்கட்டும். வேலையை விட்டவர் அடுத்த வேலை தேடும்வரை மூன்று மாதமாவது அங்கே இருக்கும் உரிமை எழுத்தில் வரட்டும். கொத்தடிமைச் சட்டத்தின் எட்டாவது பிரிவு சொல்வதன் சின்ன நிழல்தான் இது. வார்டன் கான்ட்ராக்டரின் சம்பளத்தில் இருக்கக் கூடாது. 2014ன் தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகள் விடுதிச் சட்டத்தின் கீழ் நடக்கும் சோதனை அறிக்கையை, அங்கே தங்கியிருக்கும் பெண்களே படிக்கும்படி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். சம்பளச் சீட்டு ஒடியாவிலும் இந்தியிலும் அசாமியிலும் தொழிலாளியின் போனுக்கு வர வேண்டும், கம்பெனியின் கணக்கிலிருந்து, கான்ட்ராக்டரின் கணக்கிலிருந்து அல்ல. ஈ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பதிவாகியிருக்கிறார்கள். ஆளுக்கொரு எண் கொடுத்தாயிற்று, அந்த எண்ணை வைத்துக் கான்ட்ராக்டர் யார் என்று கண்டுபிடிக்கும் வழியைத்தான் யாரும் கட்டவில்லை.

மாவட்டக் கண்காணிப்புக் குழு என்று ஒன்று சட்டப்படி இருக்கிறது. ஆட்சியர் தலைமையில், பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர்களோடு. சூளைகளையும் தோப்புகளையும் பார்ப்பது அதன் வேலை என்பதே இதுவரை உள்ள எண்ணம். அது ஒருநாள் மாத்தூருக்கும் வர வேண்டும், ராத்திரி ஷிப்ட் மாறும் நேரத்தில். அந்த அறையில் இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நான் கிளம்பும்போது அந்தப் பையன் நோட்டைத் தலையணை உறைக்குள் செருகி வைத்தான். மழை வந்தால் கூரை ஒழுகும் மூலை அதுவல்ல என்று பார்த்து, தலையணையைச் சுவரோரமாக நகர்த்தினான். வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. எட்டுப் பேரில் நான்கு பேர் எழுந்து சட்டையைத் தேடினார்கள். பாய்கள் சூடு ஆறுவதற்குள் அடுத்த நான்கு பேர் வந்துவிடுவார்கள்.